அப்ரோச் கிளியரன்ஸ் கிடைத்துவிட்டது, சரி, எந்த உயரத்தில்?

ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் (ஏ.டி.சி.), அதாவது விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை என்றாலே எல்லோருக்கும் கண்ணாடிக் கூண்டு வைத்த டவர்தான் ஞாபகத்துக்கு வரும். சினிமாவிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் இறங்க வரும் விமானம் டவர்காரர் கைக்குப் போவது கடைசிப் பத்து மைல் வாக்கில்தான். அதற்கு முன்னால், நாற்பது ஐம்பது மைல் தூரத்திலேயே அதை வாங்கி, திருப்பி, வேகத்தைக் குறைத்து, உயரத்தை இறக்கி, முன்னால் போவதற்கும் பின்னால் வருவதற்கும் நடுவே இடைவெளி விட்டு, ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் அப்ரோச் கன்ட்ரோலர். ஜன்னல் இல்லாத அறை, ரேடார் திரை, காதில் ஹெட்செட். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த அறையில்தான் போனது.

அங்கே ஷிஃப்ட் முழுக்க வாய் ஓயாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: 'கிளியர்டு ஐ.எல்.எஸ். அப்ரோச் ரன்வே டூ செவன்.' ஐ.எல்.எஸ். என்ற ரேடியோ வழிகாட்டிக் கருவியைப் பிடித்துக்கொண்டு 27-ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்கி வரலாம் என்பது அதன் பொருள். இந்த அனுமதிக்குப் பெயர்தான் அப்ரோச் கிளியரன்ஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். சிக்கலே அதில்தான். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அவ்வளவு பழகிப்போன வரி என்பதால், இரண்டு பேரும் அதைக் காதால் கேட்பதில்லை, ஞாபகத்திலிருந்து கேட்கிறார்கள். விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகளும், ஏ.டி.சி. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும் இதைப் பற்றி அடிக்கடி என்னிடம் கேட்பதால், பார்த்ததையும் படித்ததையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஐ.எல்.எஸ். பற்றிக் கொஞ்சம். அதில் இரண்டு பாகம். ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு இடமா வலமா என்று காட்டுவது லோகலைசர். இறங்க வேண்டிய சரிவுக்கு மேலா கீழா என்று காட்டுவது கிளைடு ஸ்லோப். சரிவு பெரும்பாலும் 3 டிகிரி, அதாவது ஒரு நாட்டிகல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி. பத்து மைல் தள்ளி வரும் விமானம் 3,000 அடி வாக்கில் இருந்தால் சரியாக இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வழக்கமாக லோகலைசரைப் பிடிக்கவும், கிளைடு ஸ்லோப்பில் இறங்கவும் சேர்த்தே அனுமதி கொடுப்போம். எப்போதாவது பிரித்துக் கொடுக்க வேண்டி வரும். குழப்பம் அங்கேதான் முளைக்கிறது.

ஒரு மாலை நெரிசலில் நடந்தது இது. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் வடக்கிலிருந்து வந்த ஒரு விமானத்திடம், '240 டிகிரி திசையில் வலப்பக்கம் திரும்பு, லோகலைசரைப் பிடி, பிடித்ததும் சொல்' என்றார். அப்ரோச் கிளியரன்ஸ் கொடுக்கவில்லை. காரணம், அந்த விமானத்துக்குக் கீழே ஒரு சின்ன விமானம் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. அது விலகும்வரை மேலே இருப்பவர் 3,000 அடியிலேயே இருந்தாக வேண்டும். பைலட் திருப்பிச் சொன்னது: 'ரைட் டூ ஃபோர் ஜீரோ, கிளியர்டு ஐ.எல்.எஸ். டூ செவன்.' குரலில் துளித் தடுமாற்றம் இல்லை. நண்பர் அதற்குள் அடுத்த விமானத்தைக் கூப்பிட வாயெடுத்துவிட்டார். பின்னால் ஒருங்கிணைப்பு வேலையில் இருந்தவர்தான், 'டேய், அவர் கிளியர்டு ஐ.எல்.எஸ்.ன்னு சொல்றாரு' என்று தோளைத் தட்டினார். உடனே நண்பர், 'நெகட்டிவ், மெயின்டெய்ன் த்ரீ தௌசண்ட், டிராஃபிக் பிலோ' என்றார். இல்லை, 3,000 அடியிலேயே இரு, கீழே விமானம் இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். அறையில் யாரும் எழுந்து நிற்கக்கூட இல்லை.

அந்த பைலட் கவனக்குறைவானவர் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில், இந்தத் திசையில் திருப்பினால் அடுத்து வருவது 'கிளியர்டு ஐ.எல்.எஸ்.' என்று வருஷக்கணக்காக அவருடைய காது பழகியிருக்கிறது. காதில் விழாததை மனசு நிரப்பிவிட்டது. நண்பருக்கும் அதேதான். தான் சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டே கேட்டால், வேறு எதைச் சொன்னாலும் அதுவாகவே கேட்கும். பைலட் திருப்பிச் சொல்வது ரீட்பேக், அதைக் கன்ட்ரோலர் சரிபார்த்துக் கேட்பது ஹியர்பேக். பயிற்சியில் முதலாவதைத்தான் அடித்து அடித்துச் சொல்லித் தருகிறார்கள். என் அனுபவத்தில் ஓட்டை விழுவது அதிகமும் இரண்டாவதில்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பைலட் நண்பர் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சண்டைக்கு வந்தார். அவருக்கும் இதே மாதிரி லோகலைசரை மட்டும் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்துவிட்டார். கிளைடு ஸ்லோப் ஊசி மேலிருந்து இறங்கி வருகிறது, நடுவுக்கு வந்துவிட்டது, கிளியரன்ஸ் வரவில்லை. கேட்கலாம் என்றால் ரேடியோ ஃபிரீக்வென்சியில் மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சரிவு கீழே போய்விட்டது, விமானம் மேலே நிற்கிறது. அப்புறம் கிளியரன்ஸ் வந்து என்ன பிரயோஜனம்? மேலிருந்து துரத்திப் பிடிப்பது ஆபத்து என்று கோ-அரவுண்ட் செய்து, அதாவது இறங்காமல் மேலேறி, சுற்றி வந்தார். 'நீங்க மறந்துட்டீங்கன்னா நாங்க மேலேயே தொங்கணுமா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதனால் அனுமதியைப் பிரித்துக் கொடுக்கும்போது நான் பழக்கப்படுத்திக்கொண்டது இதுதான்: லோகலைசரைப் பிடி என்பதோடு நிறுத்தாமல், எந்த உயரத்தில் இருக்க வேண்டும், ஏன் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. காரணம் தெரிந்த பைலட் தானாக இறங்க மாட்டார், கிளியரன்ஸ் தாமதமானால் எதற்காகத் தாமதம் என்றும் அவருக்குப் புரியும். பைலட்டுகளுக்கு நான் சொல்வது: கிளைடு ஸ்லோப் ஊசி அசைய ஆரம்பித்ததும் கேட்டுவிடுங்கள். நடுவுக்கு வரும்வரை மரியாதைக்காகக் காத்திருக்காதீர்கள். பிரிட்டனில் இந்த இடத்துக்கென்றே பழைய வழக்கம் ஒன்று இருந்தது. 'கிளியர்டு ஐ.எல்.எஸ். அப்ரோச்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், லோகலைசரைப் பிடித்த பிறகு ஐ.எல்.எஸ்.ஸில் இறங்கு என்று தனித்தனியாகச் சொல்வார்கள். கிளியர்டு என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் பைலட் முன்கூட்டியே இறங்கிவிடக் கூடாது என்ற கவலைதான். நீட்டி முழக்குகிறார்கள் என்று அமெரிக்கர்கள் கிண்டல் செய்வதுண்டு. எனக்கு அந்தக் கவலை நியாயமாகவே பட்டது.

ஏனென்றால் அமெரிக்காவிலேயே இதே சொல்லால் 92 பேர் செத்திருக்கிறார்கள்.

1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம், போயிங் 727. இண்டியானாபொலிஸிலிருந்து கொலம்பஸ் வழியாக வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்துக்குப் போகிறது. அங்கே காற்று பலம் என்று டல்லஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். டெக்சாஸில் இருக்கும் டல்லஸ் இல்லை, வாஷிங்டன் பக்கத்து டல்லஸ். விமானம் 7,000 அடியில் இருக்கிறது. ஓடுபாதைக்கு இன்னும் 44 மைல் இருக்கும்போதே, 12-ஆம் எண் ஓடுபாதைக்கு அப்ரோச் செய்யலாம் என்று கிளியரன்ஸ் வருகிறது. எந்த உயரம்வரை, எங்கே எட்டும்வரை என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் நேராக 1,800 அடிக்கு இறங்குகிறார்கள். அந்த 1,800 அடி, ரவுண்ட் ஹில் என்ற புள்ளியைத் தாண்டிய பிறகு பொருந்தும் உயரம். அதற்கு முன்னால் குறுக்கே மவுண்ட் வெதர் மலை இருந்தது. அதில் மோதினார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னை உலுக்கியது மோதல் இல்லை, அதற்கு முன்னால் காக்பிட்டில் நடந்த பேச்சு. கேப்டன் வரைபடத்தைப் பார்க்கிறார். ரவுண்ட் ஹில் வரைக்கும் 3,400 அடி குறைந்தபட்ச உயரம் என்று போட்டிருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்கிறார். சந்தேகம் வந்துவிட்டது! சரியான சந்தேகம். காக்பிட்டில் இருந்த மூன்று பேரும் அதைப் பேசுகிறார்கள். கடைசியில், அவர் கிளியரன்ஸ் கொடுத்துவிட்டால் நாம் ஆரம்ப அப்ரோச் உயரத்துக்கு இறங்கலாம் என்பதுதான் பொருள் என்று தங்களுக்குள்ளேயே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். மைக் பட்டனை அழுத்தி, '1,800-க்கு இறங்கலாமா?' என்று கேட்க மூன்று வினாடி ஆகியிருக்கும்.

கன்ட்ரோலர் பக்கம் கேட்டால், அந்த விமானத்தை நாங்கள் ரேடாரில் கையைப் பிடித்து அழைத்து வரவில்லை, அது தானாக வந்தது, உயரம் பார்ப்பது பைலட் பொறுப்பு என்றார்கள். பைலட் சங்கத்தினர், ரேடாரில் எங்களைப் பார்த்துக்கொண்டு கிளியரன்ஸ் கொடுத்தால் மலை இருக்காது என்றுதானே நம்புவோம் என்றார்கள். நம்மூர் பஸ்ஸில் கண்டக்டர் விசில் கொடுப்பது, ஆள் ஏறியாயிற்று என்பதற்கு. முன்னால் லாரி நிற்கிறதா என்று பார்ப்பது டிரைவர் வேலை. விசில் கேட்டதும் ரோடும் காலி என்று டிரைவர் நினைத்துக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான் இங்கே ஆனது. யார் பக்கம் பிழை என்பதில் விசாரணை வாரியமே பிளந்தது. மூன்று பேர் ஒருபக்கம், இரண்டு பேர் மறுபக்கம். முந்தி இறங்கிய பைலட்டுகளின் முடிவைப் பிரதான காரணமாக்கிய பெரும்பான்மையும்கூட, ஏ.டி.சி. நடைமுறைகளில் தெளிவில்லாததுதான் அந்த முடிவுக்கு இட்டுச் சென்றது என்று எழுத வேண்டியிருந்தது.

அதன் பின் விதி மாறியது. ரேடார் வழிகாட்டலில் வரும்போதோ, வரைபடத்தில் இல்லாத பாதையில் வரும்போதோ அப்ரோச் கிளியரன்ஸ் கிடைத்தால், வரைபடத்தில் உள்ள பாதையில் ஏறி அமரும்வரை கடைசியாகக் கொடுத்த உயரத்திலேயே இருக்க வேண்டும். கன்ட்ரோலரும் அந்த உயரத்தைக் கிளியரன்ஸோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியும் அமெரிக்க ஏர்லைன்களில் கட்டாயமானது. இன்னொன்றும் வெளிவந்தது. இதே இடத்தில், ஆறு வாரம் முன்பு யுனைடெட் விமானம் ஒன்று இதே மாதிரி இறங்கி மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த நிறுவனம் தன் பைலட்டுகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. டி.டபிள்யூ.ஏ. பைலட்டுகளுக்கு அது தெரிய வழியில்லை. தவறு நடந்ததைத் தண்டனைக்குப் பயப்படாமல் எழுதிப் போடும் பொது அமைப்பு ஒன்று வேண்டும் என்று 1976-ல் நாசா நடத்தும் அறிக்கை முறை தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தேகம் வந்தும் கேட்காமல் போவது, என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையின் உண்மையான நோய். உச்சரிப்பு, சொல் எல்லாம் அதற்கு அடுத்ததுதான். 1980 ஏப்ரல் 25-ல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் டான்-ஏர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1008-ஆம் எண் விமானம் விழுந்து 146 பேர் இறந்தார்கள். முன்னால் ஒரு விமானம் இருந்ததால் இவர்களைச் சுற்றிக் காத்திருக்கச் சொன்னார் கன்ட்ரோலர். வரைபடத்தில் அப்படி ஒரு வட்டமே கிடையாது, அவராக அந்த நேரத்துக்கு உண்டாக்கியது. இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இரு என்று அவர் சொல்ல நினைத்தது, ஒருமை பன்மை பிசகியதால் இடப்பக்கம் ஒருமுறை திரும்பு என்று கேட்டது. அதுதான் எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் காக்பிட் பதிவில், இது என்ன விசித்திரமான வட்டம், ஓடுபாதைக்கு இணையாகவே இல்லையே என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் இருக்கிறது. அங்கேயும் சந்தேகம் வந்தது. அங்கேயும் அது காக்பிட் கதவைத் தாண்டவில்லை.

மறுமுனையில் கன்ட்ரோலர் வாயைத் திறக்காமல் போன கதையும் உண்டு. 1995 டிசம்பர் 20 இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகரத்துக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. காலி விமான நிலையம் ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தப் பகுதி ரேடாரை 1992-ல் கெரில்லாக்கள் தகர்த்துவிட்டார்கள். ஆக, விமானம் எங்கே இருக்கிறது என்பது பைலட் வாயால் சொன்னால்தான் கன்ட்ரோலருக்குத் தெரியும். அவர் காலிவரை வர அனுமதி கொடுத்து, வழியில் துலுவா என்ற புள்ளியைத் தாண்டும்போது சொல்லச் சொன்னார். கேப்டன் அதை 'காலிக்கு நேரடியாக' என்று எடுத்துக்கொண்டு திருப்பிச் சொன்னார். எல்லாம் சரிதானா என்றும் கேட்டார். பதில்: 'அஃபர்மேட்டிவ்', அதாவது ஆம். நேரடி என்று கம்ப்யூட்டரில் போட்டதும், நடுவில் இருந்த புள்ளிகள், துலுவா உட்பட, திரையிலிருந்து போய்விட்டன. அப்புறம், வேறு ஓடுபாதையில் நேராகவே இறங்க முடியுமா என்று கன்ட்ரோலர் கேட்க, இவர்கள் சரி என்று ஒத்துக்கொள்ள, அவசரம் கூடியது. ரோஸோ என்ற புள்ளியை எடுக்கப் போய் போகோட்டா பக்கத்து ரோமியோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விமானம் கிழக்கே மலைப் பக்கம் திரும்பியது. 163 பேரில் 4 பேர் மட்டும் பிழைத்தார்கள்.

பைலட்டுகள் கேட்ட கேள்விகள் அவர்கள் இருந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று தனக்கு அப்போதே தோன்றியதாக அந்தக் கன்ட்ரோலர் பின்னால் விசாரணையில் சொன்னார். ஆனால் வழக்கமான வாக்கியங்களைத் தாண்டி ஆங்கிலத்தில் கேட்கும் அளவுக்குத் தனக்கு மொழி கைவரவில்லை, ஸ்பானிஷ் பேசும் பைலட்டாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன் என்றும் சொன்னார். இதைப் படித்தபோது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனப்பாட வாக்கியங்கள் வேலையை ஓட்டிவிடும், ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும் நேரத்தில் சொல்வதற்கு மனப்பாட வாக்கியம் கிடையாது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, பைலட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் ஆங்கிலத்தில் குறைந்தது நாலாம் நிலைத் தேர்ச்சி வேண்டும் என்று விதித்ததும், அதில் எதிர்பாராத சூழ்நிலையைப் பேசிச் சமாளிக்கும் திறமையைச் சோதிப்பதும் இதனால்தான். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்வேன். வாக்கிய அட்டையைப் படிப்பது பாதி வேலைதான். 'நீங்கள் இருக்கும் இடமும் கேட்பதும் பொருந்தவில்லை, எங்கே இருக்கிறீர்கள்?' என்பதை எளிய ஆங்கிலத்தில், திக்காமல் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

எண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங் நிலையத்துக்கு வந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம், ஜம்போ. கன்ட்ரோலர் சொன்னது 'டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ', அதாவது 2,400 அடிக்கு இறங்கு. காக்பிட்டில் கேட்டது 400 அடி வரை இறங்கு என்று, ஏனென்றால் ஆங்கிலத்தில் 'வரை' என்பதற்கும் இரண்டுக்கும் காதுக்கு ஒரே ஒலி. பதில், 'ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ.' அதை யாரும் திருத்தவில்லை. பூச்சோங் பக்கம் 437 அடி உயரமுள்ள குன்றில் மோதி நாலு பேரும் இறந்தார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள், 400 அடி என்றால் தரையை ஒட்டிப் பறப்பதாயிற்றே, நம்புவார்களா என்று கேட்பார்கள். களைப்பிலும், எந்த வகை அப்ரோச் என்ற குழப்பத்திலும் இருக்கும்போது நம்புவார்கள்.

விதிப்புத்தகத்தில் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, நாம்தான் அவசரத்தில் விழுங்குவதில்லை. அடியில் சொல்லும் உயரத்தை 'டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று ஆயிரம், நூறு போட்டுச் சொல்ல வேண்டும், கடைசியில் ஃபீட் வர வேண்டும். எண்ணுக்கு முன்னால் அந்த 'டு' என்ற சொல்லை ஒட்டாமல், நடுவே ஆல்டிட்யூட் என்று போட்டுவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஃபிளைட் லெவல் (அதிக உயரத்தில் நூறு அடிக் கணக்கில் சொல்லும் எண்) என்றால், முழு நூறுகளைத் தவிர, இலக்கம் இலக்கமாக. திசை என்றால் முன்னால் ஹெடிங். ஒரே மூச்சில் திசை, உயரம், வேகம், காற்றழுத்தம் என்று நாலையும் அள்ளிக் கொட்டினால் பைலட் இரண்டைத்தான் பிடிப்பார். மூன்றாவது மற்றதோடு கலந்துவிடும். நெரிசலில் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிப் பேசுகிறோம். 'சே அகெய்ன்' (மறுபடி சொல்) வந்ததும் மிச்சம் பிடித்தது எல்லாம் போச்சு.

கன்ட்ரோலர்கள் காக்பிட்டில் கூடுதல் இருக்கையில் உட்கார்ந்து போய்ப் பார்க்க ஒரு ஏற்பாடு உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். என் அறையில் உட்கார்ந்து பார்க்கும்போது, பைலட் சும்மா என் குரலுக்காகக் காத்திருப்பதாகவே தோன்றும். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது: நாங்கள் கிளியரன்ஸ் கொடுக்கும் அதே நிமிஷத்தில்தான் இறக்கையின் ஃபிளாப்பை இறக்குகிறார்கள், வேகம் குறைக்கிறார்கள், செக்லிஸ்ட் படிக்கிறார்கள். ஒருவர் 'ஃபிளாப்ஸ் ஃபைவ்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எங்கள் ஆளின் குரல் ஹெட்செட்டில் வந்து விழுகிறது, மூன்று கட்டளைகளோடு. கோபைலட் இரண்டைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மூன்றாவதை என்னவென்று கேப்டனிடம் புருவத்தால் கேட்டார். கேப்டன் தலையசைத்தார். எங்கள் பக்கம் அது வெறும் ஒலி, புருவம் தெரியாது. அதற்குப் பிறகு, வேகம் குறைக்கச் சொல்வதையும் அப்ரோச் கிளியரன்ஸையும் கூடுமானவரை இரண்டு தவணையாகக் கொடுக்க ஆரம்பித்தேன்.

புருவத்தால் கேட்பது எல்லா காக்பிட்டிலும் நடக்கிறது என்று பைலட்டுகளே சொல்கிறார்கள். கேப்டன் கேட்டிருப்பார், நான் கேட்டால் என்னைச் செவிடன் என்று நினைப்பார் என்று கோபைலட் நினைப்பார். கோபைலட்தானே ரேடியோ பார்க்கிறார், அவருக்குக் கேட்டிருக்கும் என்று கேப்டன் நினைப்பார். எங்கள் அறையிலும் இதே வியாதி உண்டு. சீனியர் கிளியரன்ஸ் கொடுத்துவிட்டால் பயிற்சியில் இருப்பவர் குறுக்கே பேசத் தயங்குவார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வீட்டில் சொல்லி வளர்த்ததை ரேடார் அறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவேண்டும், செருப்பு மாதிரி இல்லை, திரும்பப் போகும்போது மாட்டிக்கொள்ளவும் தேவையில்லை. கேட்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 'கன்ஃபர்ம்?' என்று மட்டும் கேட்டால் எதிராளி பெரும்பாலும் 'அஃபர்ம்' என்று மட்டும் சொல்வார், காலி நகரத்தில் நடந்த மாதிரி. அதற்குப் பதிலாக, சந்தேகத்தையே உள்ளே வைத்துக் கேளுங்கள்: 'கன்ஃபர்ம் மெயின்டெய்ன் த்ரீ தௌசண்ட் அன்டில் எஸ்டாப்ளிஷ்டு?' பாதையில் ஏறி அமரும்வரை 3,000 அடியிலேயே இருக்க வேண்டும், சரிதானா என்று பொருள். இதற்கு ஆம் என்று சொல்வதற்குமுன் எதிரே இருப்பவர் திரையைப் பார்த்தே ஆக வேண்டும். கன்ட்ரோலரும், பாதி கேட்ட ரீட்பேக்குக்கு அஃபர்ம் சொல்வதை அடியோடு விட்டுவிட வேண்டும். பாதிதான் கேட்டது என்றால் முழுசாக மறுபடி சொல்லச் சொல்லலாம்.

நாட்டுக்கு நாடு வித்தியாசமும் இருக்கிறது. அமெரிக்காவில் அப்ரோச் கிளியரன்ஸ் கொடுத்துவிட்டால், அதற்கு முன்னால் விதித்த வேகக் கட்டுப்பாடு தானாகக் காலாவதி. வேண்டுமென்றால் கன்ட்ரோலர் மறுபடி சொல்ல வேண்டும். பிரிட்டனில் ரத்து செய்யும்வரை வேகம் செல்லும். ஒரு ஊரில் பழகிய பைலட் இன்னொரு ஊருக்கு வந்தால், கிளியரன்ஸ் கேட்டதும் 160 நாட் (மணிக்கு 160 நாட்டிகல் மைல்) வேகத்திலிருந்து 130-க்குக் குறைத்துவிடுவார். அவர் செய்தது அவர் ஊரில் சரி. ஆனால் பின்னால் 160-ல் வருகிறவர் நிமிஷத்துக்கு அரை மைல் நெருங்கிக்கொண்டிருப்பார். மூன்று மைல் இடைவெளியில் அரை மைல் சின்ன விஷயம் இல்லை. 'கிளியர்டு ஐ.எல்.எஸ்., ஸ்பீட் ஒன் சிக்ஸ் ஜீரோ டில் ஃபோர் மைல்ஸ்' என்று ஒன்றாகச் சொல்லிவிட்டால் எந்த ஊர் பைலட்டுக்கும் சந்தேகம் வராது. இங்கே இரண்டு கட்டளைகளை ஒன்றாகச் சொல்லச் சொல்கிறேனே, மேலே பிரிக்கச் சொன்னேனே என்று கேட்பீர்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்வது புது வேலை, பைலட் கையை அசைக்க வேண்டும். இருக்கும் வேகத்தையே நீட்டிப்பது அப்படி இல்லை, அது கிளியரன்ஸின் ஒரு பகுதி.

விஷுவல் அப்ரோச்சில், அதாவது ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து இறங்குவதில், வேறு மாதிரிச் சிக்கல். 'ஓடுபாதை தெரிகிறது' என்று பைலட் சொல்வது சில நேரம் வெறும் தகவல். கன்ட்ரோலர் அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு விஷுவல் அப்ரோச் கொடுத்துவிடுவார். அமெரிக்காவில், முன்னால் போகும் விமானம் தெரிகிறது என்று சொல்லி விஷுவல் ஏற்றுக்கொண்டால், அதனிடமிருந்து இடைவெளி காப்பது பைலட் தலையில் விழும். 2023 அக்டோபரில் மியூனிக்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வந்த லுஃப்தான்சா விமானம், இரவில் விஷுவல் எடுக்க எங்கள் கம்பெனி விதி இடம் கொடுக்காது என்று ஐ.எல்.எஸ். கேட்டது. கன்ட்ரோலர் காத்திருக்கச் சொன்னார், பேச்சு தடித்தது, கடைசியில் விமானம் ஓக்லாந்து போய் இறங்கியது. இணையத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து திட்டிக்கொண்டார்கள். என் கருத்தில் பைலட் முடியாது என்று தெளிவாகச் சொன்னது சரி. முடியாது என்று சொல்லத் தயங்கிச் சரி என்பவரோடு வேலை செய்வதுதான் எனக்குப் பயம். ஆனால் ஊருக்கு வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அதைச் சொல்லி வைத்திருந்தால் இடைவெளி ஒதுக்க வசதியாக இருந்திருக்குமோ என்றும் தோன்றியது. நம் ஊரிலும் ஏதாவது முடியாது என்று முன்கூட்டித் தெரிந்தால், எங்கள் ஃபிரீக்வென்சிக்கு வந்த முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிப் பதினைந்து மைலில் அதைச் சொன்னால் இரண்டு பக்கமும் குரல் உயரும்.

ஒரே மாதிரி எண் கொண்ட இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்குக் கொடுத்த கிளியரன்ஸை இன்னொருவர் எடுத்துக்கொள்வார், இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொன்னால் காதில் விழுவது கீச்சென்ற சத்தம் மட்டும். இரண்டு பேருக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். தெரிந்த பைலட் வந்தால் ஃபிரீக்வென்சியில் 'வணக்கம்' சொல்வதில் தப்பில்லை, நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கிளியரன்ஸைத் தமிழிலோ இந்தியிலோ ஆரம்பித்துவிடக் கூடாது. அதே ஃபிரீக்வென்சியில் இருக்கும் வெளிநாட்டு பைலட்டுக்கு, பக்கத்து விமானம் எங்கே போகிறது என்பது தெரியாமல் போய்விடும். பலமுறை எங்கள் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னது மூன்றாவது ஒரு விமானம்தான்.

கிளியரன்ஸில் குழப்பம் வந்து யாருக்கும் ஒன்றும் ஆகாமல் முடிந்துவிட்டால், அத்தோடு விட்டுவிடுவதுதான் மனித இயல்பு. டி.டபிள்யூ.ஏ. விஷயத்தில் ஆறு வாரம் முன்னாலேயே ஒரு விமானம் தப்பியதைச் சொன்னேன் இல்லையா, அந்த மாதிரிச் செய்திகள் இப்படித்தான் ஒரு கம்பெனிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ரேடியோவில் விவாதம் செய்யாதீர்கள், அதற்கு அது இடம் இல்லை. இறங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு லேண்ட்லைனில் கூப்பிடுங்கள். அறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் இருப்பார். பேச்சுப் பதிவைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, அதற்குள் கேட்டால் கிடைக்கும். பைலட்டும் கன்ட்ரோலரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டால் ரொம்ப நல்லது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று இரண்டு பேரும் அடித்துச் சொல்லிக்கொண்டு வருவார்கள், அநேகமாக இரண்டு பேருமே அப்படிச் சொல்லியிருப்பார்கள். கேட்டுவிட்டு அறிக்கையை எழுதுங்கள், பெயர் போட விருப்பமில்லை என்றால் ரகசியமாக அனுப்பும் வழியும் இருக்கிறது. எழுதும்போது யார் தப்பு என்பதைவிட, எந்த உயரத்தில், எத்தனை மைலில், எந்தச் சொற்களில் கிளியரன்ஸ் வந்தது என்பதை அப்படியே எழுதுங்கள். அடுத்த பயிற்சி வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட அதுதான் எங்களுக்கு வேண்டும்.